கடுகின் கணக்கு

எங்களுக்கு மெனு வருவதற்கு முன்னரே
கடுகுக்குத் தண்ணீர் வந்துவிட்டது,
விளிம்பு உடைந்த நீலக் கிண்ணத்தில்.
பரிமாறும் பெண் குனிந்து பெயர் கேட்டாள்,
நாயின் பெயரை.
அர்த்தமும் கேட்டாள். சொன்னேன்.
முப்பத்திரண்டு கிலோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

வந்த நாளில் அது கடுகுதான்.
ருமேனியாவிலிருந்து ஒரு வானின் பின்பக்கத்தில்,
பதினேழு நாய்களுக்கு நடுவில்,
கழுத்தில் இலக்கத்தோடு.
கடவுச்சீட்டும் வைத்திருந்தது.
எனக்குப் பதினோரு வருசம் பிடித்த விசயம்
அதற்குப் பிறந்த பதினாறாவது வாரத்தில்.

இன்று அந்தச் சின்னப் புத்தகம் மேசைமேல்,
உப்புக் குப்பிக்கும் ஹென்ரிக்கின் திறப்புக்கோர்வைக்கும் இடையில்.
முதல் கட்டத்தில் அவனுடைய கையெழுத்தில் என் பெயர்,
ஓரெழுத்துப் பிழையோடு.
அடுத்த உரிமையாளருக்கென்று
அச்சடிக்கும்போதே கீழே இடம் விட்டிருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் சுலபமாகப் பிரிந்தது.
குக்கர் எனக்கு, கூடாரம் அவனுக்கு.
அலுமாரியை இருவரும் வேண்டாம் என்றோம்.
மிச்சத்தைப் பேசத்தான் வந்தோம்.
பேசவில்லை.
அஸ்பராகஸ் இந்த வருசம் பிந்தியதைப் பேசினோம்.
அவனுடைய முழங்காலைப் பற்றி,
ட்ராம் ஒன்று தடம் மாறி ஓடுவதைப் பற்றி.

கால்மாட்டில் வாய்க்கால் ஓடியது.
ஃப்ரைபுர்க்கின் தெருக்களில் இப்படித்தான்,
இரண்டு சாண் அகலத்தில், எங்கும்.
தவறிக் கால் வைத்தவர்
இந்த ஊரில்தான் கலியாணம் கட்டுவார் என்பார்கள்.
நான் வைத்தேன். நவம்பர் மாதம், புதுச் சப்பாத்து.
சிரிக்காமல் நின்ற ஒருவன்
சுவரில் சாய்ந்து தன் காலுறைகளைக் கழற்றித் தந்தான்.

கடுகு கிண்ணத்தை மோந்து விட்டுவிட்டு
வாய்க்காலில் குடிக்கப் போனது.
வாரின் நீளம் போதவில்லை.
கதிரையோடு என்னையும் அரையடி இழுத்தது.
“இரு” என்றான் ஹென்ரிக்.

அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்.
என் அம்மாவோடு கதைக்கவென்று வகுப்புக்குப் போய்
இரண்டாம் பாடத்தோடு நின்றவன்
நாயைப் பழக்கும்போது பிடித்துக்கொண்ட சொல்.
அவனுடைய ரகரம் தொண்டைக்குள் புரளும்.
கடுகுக்கு விளங்கும்.

எங்களூர்ப் பேச்சில்
உட்காரச் சொல்வதும் அதுதான்.
பொறு என்பதும்.
போகாதே என்பதும்.
ஷெல் விழுந்த இரவுகளில்
செத்துப்போகாமல் கிட என்று சொன்னதும் அதுதான்.
ஜெர்மனில் இதற்கு நாலு வினைச்சொல் வேண்டும்.
நான் அவனுக்கு விளக்கிச் சொன்னதில்லை.

பக்கத்து மேசையின் டாக்ஸ்ஹுண்ட்
எழுந்து நின்று குரைத்தது.
கடுகு கொட்டாவி விட்டது.
ஏழு வருசம் எங்களைக் கேட்ட நாய்க்கு
அதெல்லாம் ஒரு சத்தமா?

“சேர்த்தா, தனித்தனியா?”

இந்த நாட்டில் எந்த மேசையிலும் கேட்கிற கேள்விதான்.
“சேர்த்து” என்றான் பழக்கத்தில்.
பிறகு என்னைப் பார்த்துவிட்டு,
“இல்லை. தனித்தனியாக.”
அவள் தாளின் நடுவே கோடு கீறினாள்.
அஸ்பராகஸ் எனக்கு. மீன் அவனுக்கு.
வெள்ளை வைன் ஆளுக்கொன்று.
ஒரு சொசேஜ், அவித்தது, உப்பில்லாமல்.
“இது யாருடையது?”

இரண்டு பேரும் கையை உயர்த்தினோம்,
பள்ளிக்கூடத்தில் போல.

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்,
மேசைக்குக் கீழேயும் ஒருதரம் பார்த்தாள்.
பேனா கோட்டின் மேலே கொஞ்சநேரம் நின்றது.
“நாய்களுக்கு நான் காசு வாங்குவதில்லை”
என்று அந்த வரியை வெட்டினாள்.
பொய்யென்று மூவருக்கும் தெரியும்.
மெனுவில் விலை போட்டிருந்தது.

சில்லறையை எண்ணி வைத்துவிட்டு எழுந்தேன்.
புத்தகத்தை நான் எடுக்கவில்லை,
அவனும் எடுக்கவில்லை.
கடுகும் எழுந்தது,
வாலால் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு.

“இரு” என்றான் ஹென்ரிக்.
கடுகு இருந்தது.

இன்னொரு தரமும் சொன்னான்,
ஏற்கெனவே இருந்துவிட்ட நாயிடம்,
அதைப் பார்க்காமல்.